சுருங்கிய விரல்களும் வழுக்கிய மருதமரமும்

பதினேழு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. மலையடிவாரக் காட்டில் வெயில் தாழ்கிற நேரம். அந்தக் கூட்டத்தில் இது தினப்படி வழக்கம். வயிறு நிறைந்ததோ இல்லையோ, இருட்டுவதற்குள் ஒருவர் முதுகை ஒருவர் தடவிப் பேன் எடுத்தாக வேண்டும். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆவதும் அப்போதுதான், ஊர்வம்பு பேசுவதும் அப்போதுதான். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே யார் யாருக்கு வேண்டியவர் என்று சொல்லிவிடலாம்.

அன்று தலைவர் மொட்டைவாலனுக்குப் பேன் பார்க்கும் முறை செவத்திக்கு வந்திருந்தது. செவத்திக்குச் செம்பட்டை முடி, துறுதுறுவென்ற கண். அந்தக் கூட்டத்திலேயே தண்ணீரில் இறங்குகிற ஒரே குரங்கு அதுதான். மற்றவை நாலு தூறல் விழுந்தாலே முனக ஆரம்பித்துவிடும். செவத்தியோ மத்தியானம் முழுக்க அல்லிக்குளத்தில் முங்கி முங்கிக் கிழங்கு பிடுங்கும். பிடுங்கியதை ஒளித்து வைக்கிற புத்தியும் அதற்குக் கிடையாது. கொண்டுவந்து எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடும்.

அன்றைக்கும் கிழங்கைக் கொடுத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து தலைவரின் பின்னால் உட்கார்ந்தது. கழுத்தில் கை வைத்ததுதான் தாமதம், மொட்டைவாலன் துள்ளி எழுந்தது.

“ஐயோ! என்னடி இது? என் கழுத்துல பாகற்காய் வத்தலையா தேய்க்கிறே?”

“வத்தலா? என் கைதான் அண்ணே!”

“கையா? எங்கே, காட்டு!”

செவத்தி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது. விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, வரிவரியாக மடிந்திருந்தன. குரங்குகள் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தன. விரலும் தோலும்தான் அவர்களுக்கு உறவு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் முதுகில் படுகிற விரல் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் இப்படி ஒரு கை!

கூட்டத்தில் மினுக்கி என்று ஒரு குரங்கு இருந்தது. தலைவருக்குப் பேன் பார்ப்பவருக்கு மறுநாள் பறிக்கிற முதல் பழம் கிடைக்கும். அந்த முதல் பழத்தின்மேல் மினுக்கிக்கு வெகுநாளாக ஒரு கண். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

“அடடா, செவத்தியக்கா! காலையில நல்லாத்தானே இருந்தீங்க! ஒரே மத்தியானத்துல கிழவி ஆயிட்டீங்களே!”

“கிழவியாவது! தண்ணியில ரொம்ப நேரம் இருந்தா இப்படி ஆகுது. காய்ஞ்சா சரியாப் போயிடும்.”

“எங்கக்கா போகும்? உள்ளே போய் ஒளிஞ்சுக்கும்! இது கிழட்டு நோய். தண்ணிக்குள்ள இருந்து வருது. தொட்டவங்களுக்கெல்லாம் ஒட்டும்!”

‘ஒட்டும்’ என்ற சொல் காதில் விழுந்ததும் சுற்றி நின்றவை நாலடி பின்னால் போயின. செவத்தியின் உயிர்த்தோழி குண்டுமணிகூடத் தன் குட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்த கிழங்கை மட்டும் ஒருவரும் துப்பவில்லை. கிழங்கு இனித்தது, அதைப் பிடுங்கிய கைதான் கசந்தது. நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்?

மொட்டைவாலன் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தது. கெட்ட தலைவர் என்று சொல்ல முடியாது. பயந்த தலைவர், அவ்வளவுதான்.

“இதோ பார் செவத்தி. அமாவாசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் நீ தனியா இரு. தண்ணி பக்கமே போகக் கூடாது. அமாவாசை அன்னைக்குச் சாயங்காலம் வந்து கையைக் காட்டு. வழவழன்னு இருந்தா சேர்த்துக்கறோம். ஒரு சுருக்கம் தெரிஞ்சாலும் நீ உன் வழி, நாங்க எங்க வழி!”

செவத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எழுந்து போயிற்று.

பன்னிரண்டு நாள் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழத்துக்குக் குறைச்சல் இல்லை. தூங்க மரம் இருந்தது. ஆனால் முதுகில் நடுவாக ஓரிடம் அரித்தது. எப்படி வளைந்தாலும் கை எட்டாத இடம் அது. செவத்தி மரப்பட்டையில் தேய்த்துப் பார்த்தது, பாறையில் புரண்டு பார்த்தது. முதுகு சிராய்த்ததே தவிர அரிப்பு அடங்கவில்லை. தூரத்தில் கூட்டம் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

இருந்தாலும் தலைவர் சொன்ன சொல்லை மீறவில்லை. காலையில் பனி உலரும்வரை ஒரு கிளையையும் தொடாது. தாகம் எடுத்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே உறிஞ்சிக் குடிக்கும். தூறல் போட்டால் கைகளை அக்குளில் செருகிக்கொள்ளும்.

குளத்தின் நினைப்பு மட்டும் விடவில்லை. முங்கும்போது முதல் நாலைந்து கிழங்குகள் கையிலிருந்து வழுக்கி வழுக்கி ஓடும். கொஞ்ச நேரம் போனால் பிடித்தது பிடித்தபடி நிற்கும். கிழங்குகளுக்கும் களைப்பு வரும் போலிருக்கிறது என்றுதான் செவத்தி நினைத்துக்கொண்டிருந்தது.

அமாவாசையும் வந்தது. காலையில் எழுந்ததும் செவத்தி கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அரசந்தளிர் மாதிரி வழவழவென்று இருந்தன. “இன்னைக்குச் சாயங்காலம்!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு குட்டிக்கரணம் போட்டது.

அன்று கூட்டம் ஆற்றுக்கு நடுவே இருந்த மண்திட்டுக்குப் போயிருந்தது. அங்கே ஓர் அத்திமரம் பழுத்துக் கொட்டியது. ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறைக்குப் பாறை தாவி, கால் நனையாமல் போய்விட்டார்கள். செவத்தி கரையிலேயே ஒரு நாவல் மரத்தில் தனியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

திட்டில் இன்னொரு மரமும் உண்டு. அது மருதமரம். அடிமரம் பெருத்து, வெளுத்து, வழவழவென்று ஓங்கி நிற்கும். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கிளை ஆற்றின்மேல் நீண்டு கரையிலிருக்கிற மரங்களைத் தொடும்.

மத்தியானம் மலையில் கருமேகம் இறங்கியது. மேலே என்ன மழை பெய்ததோ, கொஞ்ச நேரத்தில் ஆறு செக்கச்செவேலென்று திரண்டு வந்தது. தாவி வந்த பாறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக முங்கின. திட்டின்மேலும் மழை பிடித்துக்கொண்டது.

“மரத்தை விட்டு இறங்காதீங்க!” என்று மொட்டைவாலன் கத்தியது. பதினாறு குரங்குகளும் அத்திமரத்தைக் கட்டிக்கொண்டன. ஆனால் வெள்ளம் வேருக்கு அடியிலிருந்த மணலை அரித்தது. அத்திமரம் மெல்லச் சாய்ந்தது. குரங்குகள் அலறிக்கொண்டு கீழே குதித்தன. அடுத்த நொடி மரத்தை ஆறு கொண்டுபோய்விட்டது.

மிச்சம் இருந்தது மருதமரம் ஒன்றுதான். எல்லாரும் அதனிடம் ஓடினார்கள். ஏறினார்கள். சர்ரென்று வழுக்கி விழுந்தார்கள். மறுபடி ஏறினார்கள். மறுபடி விழுந்தார்கள்.

“கையை நனைக்காதீங்க! நனைச்சா கிழட்டு நோய் ஒட்டிக்கும்!” என்று மினுக்கி கூவியது. உடனே அத்தனை குரங்குகளும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டன. கையைத் துடைப்பதும், மரத்தில் பாய்வதும், வழுக்குவதும், மறுபடி கையை அக்குளில் ஒளிப்பதுமாக நின்றன. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது.

“செவத்தி! செவத்தி! என் குட்டிடி!” குண்டுமணியின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

செவத்தி தன் கைகளைப் பார்த்தது. பன்னிரண்டு நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கைகள். மருதக்கிளை தொடுகிற மரங்கள் ஆற்றோட்டத்தில் வெகுதூரம் கீழே இருந்தன, சுற்றிப் போக நேரம் இல்லை. ஆற்றில் குதித்தால் சாயங்காலம் இவற்றைக் காட்ட முடியாது. ஒரு சுருக்கம் தெரிந்தாலும் உன் வழி உனக்கு என்று தலைவரே சொல்லியிருக்கிறார்.

‘கூட்டத்துல சேரணும்னுதானே இத்தனை நாள் காத்திருந்தேன்? கூட்டமே போயிட்டா நான் எதுல போய்ச் சேர்றது?’

குதித்துவிட்டது.

ஆறு அதைப் பிடித்து இழுத்தது. செவத்தி எதிர்த்து நீந்தவில்லை. குளத்தில் பழகிய உடம்பு, இழுப்புக்கு விட்டுக்கொடுத்துச் சாய்வாகவே நீந்திப் போய் மருதமரத்தின் வேரைப் பிடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அடிமரத்தில் ஏறியது. இரண்டு ஆள் உயரம்கூடப் போகவில்லை. சர்ரென்று வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை ஏறியது. அப்போதும் அதே கதிதான்.

“பாத்தீங்களா! அவளாலயும் முடியல! சும்மா நோயை வேற தூக்கிட்டு வந்துட்டா!” என்றது மினுக்கி.

பதில் சொல்ல நேரம் இல்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறி, குண்டுமணியைத் தள்ளப் பார்த்தது. செவத்தி அதற்குக் கீழ்ப்பக்கமாகப் போய் நின்று, தண்ணீருக்குள் இருந்த வேரை இரண்டு கைகளாலும் பற்றி, தன் முதுகை அணைகொடுத்துத் தோழியையும் குட்டியையும் தாங்கிக்கொண்டது.

“போயிடுடி செவத்தி! நீயாவது பிழைச்சுக்கோ!” என்று குண்டுமணி அழுதது.

“வாயை மூடிக்கிட்டுக் குட்டியைப் பிடி!”

வேர் முழுக்கப் பாசி. முதலில் விரல்கள் வழுக்கி வழுக்கிப் போயின. செவத்தி மறுபடி மறுபடி பிடித்தது. நேரம் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மாறியது. கை வழுக்குவது நின்றுபோனது. பாசி அப்படியேதான் இருந்தது. வெள்ளமும் குறையவில்லை. ஆனால் பிடி மட்டும் இறுகியிருந்தது.

செவத்தி ஒரு கையை எடுத்துப் பார்த்தது. விரல் நுனியெல்லாம் சுருக்கம்!

‘அப்படியானா குளத்துல கிழங்குக்குக் களைப்பு வரல! என் கைதான் தயாராயிருக்கு!’

தாவி மருதமரத்தைப் பற்றியது. பட்டையில் மழைநீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. விரல் மடிப்புகளுக்கு நடுவே அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதுபோல ஓடி வெளியேறியது. மேடாக நின்ற தோல் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பிடி, இரண்டு பிடி, பத்துப் பிடி! செவத்தி கிளைக்கே ஏறிவிட்டது. அந்தப் பக்கம் நாலு தாவு தாவினால் கரை. அது கரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கி வந்தது.

“எல்லாரும் கையை அக்குள்ள இருந்து எடுங்க! தண்ணிக்குள்ள விடுங்க! விரல் சுருங்கட்டும்! சுருங்கின கைதான் பிடிக்கும்!”

“ஐயையோ, மாட்டேன்! நான் கிழவியாக மாட்டேன்!” என்று மினுக்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது. மற்றவை அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தன.

செவத்திக்குக் கோபம் வந்தது. “காலைத் தூக்கிப் பாருங்க! இவ்வளவு நேரம் தண்ணியில நிக்கிறது எது? காலைத் தூக்கிப் பாருங்கறேன்!”

ஒவ்வொன்றும் ஒற்றைக்காலில் நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தது. பதினாறு குரங்குகளுக்கும் கால்விரல்கள் சுருங்கிக் கிடந்தன!

“அம்மாடி! காலுக்கு வந்துடுச்சே!” என்று ஒரே கூப்பாடு.

“வந்ததே! செத்தா போயிட்டீங்க? கிழவியா ஆயிட்டீங்க? மரத்துல ஏறும்போது எது வழுக்குச்சு, காலா கையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!”

மொட்டைவாலன் மரத்தைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது. “ஆமா... என் கால் நல்லாத்தான் பிடிச்சுது. கைதான் விட்டுடுச்சு.” அப்புறம் செவத்தியின் முகத்தைப் பார்த்தது. “செவத்தி, கிழவன் ஆனாலும் பரவாயில்ல. உயிரோட இருக்கிற கிழவனா இருந்துட்டுப் போறேன்!” என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முழங்கைவரை வெள்ளத்துக்குள் விட்டது.

தலைவர் விட்டபிறகு மற்றவர்கள் நிற்பார்களா? சடசடவென்று எல்லாக் கைகளும் தண்ணீருக்குள் போயின. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதுதான் கொடுமை. தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. மார்புக்கு வந்தது. “வந்துடுச்சா? வந்துடுச்சா?” என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, ஒருவர் வாலை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றார்கள்.

முதலில் ஏறியது குண்டுமணி. குட்டி மார்பைக் கவ்விக்கொண்டு தொங்க, அது மேலே போனது. பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். தலைவர் கடைசியில்தான் ஏறுவேன் என்று நின்றது. செவத்திதான் அதைப் பிடித்துத் தள்ளி ஏற்றிவிட்டது.

கீழே மினுக்கி மட்டும் நின்றது. அப்போதும் கைகள் தலைக்கு மேல்தான் இருந்தன. தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் அதன் பிடிவாதம் கரைந்தது. கைகளை இறக்கிக்கொண்டு அழுதது.

“அக்கா! எனக்கு இன்னும் வரலையே! எல்லாருக்கும் வந்துச்சே! நான்தான் கையை நனைக்கவே இல்லையே! என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா!”

செவத்தி ஒரு கையால் வேரைப் பிடித்து, மறுகையால் மினுக்கியின் இடுப்பை வளைத்துக்கொண்டது. “போக மாட்டேன். கையைத் தண்ணியிலயே வை.”

“அக்கா, அன்னைக்கு நான் பொய்தான் சொன்னேன்... அந்தப் பழத்துக்கு ஆசைப்பட்டு...”

“தெரியும். அதெல்லாம் மேல போய்ப் பேசிக்கலாம். இப்போ விரலைப் பாரு!”

அலை இரண்டு தடவை அவர்கள் தலைக்கு மேல் போயிற்று. இரண்டு தடவையும் செவத்தி விடவில்லை. மூன்றாம் அலையும் போய்த் தலை வெளியே வந்ததும் மினுக்கி வீறிட்டது.

“வந்துடுச்சுக்கா! சுருக்கம் வந்துடுச்சு! கும்பிடறேன் சாமி, வந்துடுச்சு!”

“ஏறு!”

இரண்டும் ஏறின. கிளையில் காத்திருந்தவை கைகொடுத்துத் தூக்கின. எல்லாரும் கரைமரத்துக்குத் தாவி நின்று திரும்பிப் பார்த்தபோது, திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் ஓடியது. ஒருவரை ஒருவர் இறுகக் கட்டிக்கொண்டார்கள். குட்டி மட்டும் சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மழை விட்டது. மொட்டைவாலன் எல்லார் முன்னாலும் செவத்தியிடம் வந்து தலை குனிந்தது.

“நீ கொடுத்த கிழங்கைத் தின்னுக்கிட்டே உன் கையை ஒதுக்கினேன். அந்தக் கைதான் இன்னைக்கு இந்தக் கூட்டத்தையே காப்பாத்தியிருக்கு. தப்பு என்னோடதுதான் தாயி. திரும்பி உட்காரு. இன்னைக்கு நான் உனக்குப் பேன் பாக்கறேன்.”

தலைவர் பேன் பார்ப்பதாவது! அந்தக் காட்டில் அதுவரை நடந்ததில்லை. செவத்தி கூச்சத்தோடு திரும்பி உட்கார்ந்தது. முதுகின் நடுவே தலைவரின் ஈரவிரல்கள் பட்டதும், பன்னிரண்டு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குண்டுமணி அதன் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தானும் அழுதது.

திடீரென்று மினுக்கி கத்தியது. “ஐயோ, போகுதே! என் சுருக்கம் போகுதே!” பார்த்தால், அது ஒரு பாறைக்குழியில் தேங்கிய மழைநீரில் கைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தது.

செவத்தி கண்ணீரோடு சிரித்துவிட்டது. “போகட்டும் விடு மினுக்கி! வேணுங்கிறப்போ தானா வரும். வான்னு நாம கூப்பிட்டோமா? போன்னு சொன்னோமா? வழுக்குற நேரம் பார்த்து வந்துச்சு, வேலை முடிஞ்சதும் போகுது. நமக்கே தெரியாம நம்ம உடம்பு நமக்கு இவ்வளவு செய்யுது. அதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு உட்காரு.”

மினுக்கி கைகளை வெளியே எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, கண்களில் ஒற்றிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற குரங்குகளும் அப்படியே செய்தன.

காரணம் தெரியாத ஒன்றைக் குறை என்று சொல்லி ஒதுக்காதே. கேட்காமலே நமக்கு உதவுகிறவற்றை அறிந்து நன்றியோடு இருப்பதே நல்ல அறிவு.